முப்பது இலக்கப் பிடிவாதம்

தினகரனுக்கு வேண்டியது ஒரு எண். அதற்கு முப்பது இலக்கம் இருக்கவேண்டும். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுபோல வரவேண்டும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடக் கூடாது. முப்பத்தொரு இலக்கம் ஆகாதா என்றால் ஆகாது. நடுவில் ஓர் இலக்கம் ஜோடியில்லாமல் நிற்குமாம், அது அவர் கண்ணை உறுத்துமாம். அப்படியொரு பிடிவாதம்.

தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர். பகுதிநேர முனைவர் படிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார், இரண்டு முறையும் கைவிரித்துவிட்டார்கள். மூன்றாம் முறை பேராசிரியர் மாளவிகா, "சொந்தமா ஏதாவது செஞ்சு கொண்டாங்க சார், பார்க்கலாம்" என்று ஏழு மாதம் அவகாசம் கொடுத்தார். அது இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. நாற்பத்தாறு வயதில் நான்காம் முறை என்று ஒன்று இல்லை என்பது தினகரனுக்கே தெரியும்.

முடிச்சூர் வீட்டில் லேப்டாப் ஏழு மாதமாக அணையாமல் ஓடியது. அவர் எழுதிய புரோகிராம் கோடிக்கணக்கான எண்களைச் சோதித்துத் தள்ளிவிட்டு, திரையின் மூலையில் "கிடைத்தவை: 0" என்றே காட்டிக்கொண்டிருந்தது. மனிதர் கரண்டைத் திட்டினார், லேப்டாப்பைத் திட்டினார், மிக்ஸி போட்டால் வோல்டேஜ் குறைகிறது என்று மனைவி தேவதர்ஷினியைத் திட்டினார். அவள் சட்னி அரைப்பதையே விட்டுவிட்டு இட்லிப்பொடிக்கு மாறினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், குரோம்பேட்டை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து வந்தவள், வாசலிலேயே ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"என்னங்க, ட்ரெயின்ல சும்மா போட்டுப் பார்த்தேன். உங்க நம்பர் மாதிரியே, ஆனா சின்னதா, நாலு இலக்கத்துல. 1221, 2552, 7337. எதை எடுத்தாலும் பதினொண்ணால போயிடுதே?"

"நாலும் முப்பதும் ஒண்ணா? பேஜார் பண்ணாத தேவி."

சொல்லிவிட்டாரே தவிர, கை பேனாவை எடுத்தது. ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டவேண்டும். இரண்டு கூட்டலும் சமமாக வந்தால் பதினொன்றால் வகுபடும். எல்லா இலக்கத்துக்கும் ஜோடி இருந்தால், ஜோடியில் ஒன்று இந்தக் கூட்டலிலும் மற்றது அந்தக் கூட்டலிலும் விழுந்து சமமாகத்தான் வரும். நாலானாலும் முப்பதானாலும் தப்பாது. அவர் தேடிய எண் உலகத்திலேயே கிடையாது. இந்த விதியைத்தான் பதினெட்டு வருஷமாக ஆறாம் வகுப்புக்கு நடத்துகிறார்; சொல்லத் தெரியாத பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று கத்தினார்.

"கிட்ட வர விட்டீங்களா நீங்க? சரி, அந்த ஒத்தையை நடுவுல விட்டுத்தான் பாருங்களேன்."

முப்பதை அழித்து முப்பத்தொன்று போட்டுத் தட்டினார். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் திரை நிறைந்துவிட்டது. ஐம்பது, நூறு, இருநூறு என்று எண்கள் கொட்டின. ஒவ்வொன்றும் அசல் பகா எண்.

தேவதர்ஷினி கைதட்டினாள். "கிடைச்சிடுச்சு! சனிக்கிழமை ஜம்முனு கொண்டுபோய்க் காட்டுங்க!"

தினகரனுக்கு அழுகை முட்டியது. "ரெண்டு செகண்டுல இருநூறு வருது தேவி. இதை யாரு வேணா பண்ணலாம்."

எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியும் அவர் நிறுத்தவில்லை. பிறகு போனை எடுத்து, சனிக்கிழமை வர இயலவில்லை என்று மாளவிகாவுக்கு எழுதி அனுப்பினார்.