துணிமேல் குத்திய ஊசி

இந்தக் காலத்துப் பிள்ளைகளோடு பேசவே முடியவில்லை. நகரத்துப் பள்ளிக்கூடத்தில் நாலு நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். வந்ததும் நமக்குக் கை கழுவக் கற்றுக்கொடுக்கிறார்கள். எழுபது வருஷமாக இந்தக் கையால்தான் வாய்க்கால் சேற்றை வாருகிறேன், இதே கையால்தான் ரொட்டி தின்கிறேன். சாகவில்லை. சொன்னால் கேட்பார்களா? பெரியவன் என்ற மரியாதையும் கிடையாது, பயமும் கிடையாது.

பயம் கிடையாது என்பது தப்பு. அன்றைக்கு அந்தப் பெண் இன்திஸார் பயந்துதான் இருந்தாள். அதை நானே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து என் அண்ணன் ஷஹாத்தா ஹாஜியின் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனேன். வாசலிலேயே அலறல் கேட்டது. அண்ணனுடைய பேத்தி பஸ்மா, பத்து வயசுப் பிள்ளை, கட்டில் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவளுடைய அம்மா கரீமா, அண்ணனின் மருமகள், அந்தப் பிடியை விரல் விரலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கூடத்து நடுவில் மித்வல்லி நின்றான். மருந்துக் கடையில் பொட்டலம் கட்டுகிற ஆள்தான். ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவன் அவன்தான். மருந்தைக் கடையிலேயே ஊசிக்குழலில் ஏற்றிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்திருந்தான்.

பிள்ளைக்குத் தொண்டையில் வந்த காய்ச்சல் மூட்டுக்கு இறங்கி, இதயத்தையும் தொட்டுவிட்டதாம். மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "யார் யாரோ போற வர்ற எடத்துல எம் பேத்தி துணியை விலக்கணுமா?" என்றார். மித்வல்லியிடம் அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்கே வருவான். அங்கியை விலக்காமல் அதன் மேலேயே குத்திவிடுவான். எங்கள் ஊரில் மானமுள்ள வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான்.

இன்திஸார் கரீமாவின் தங்கை. நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். விடுமுறைக்கு வந்தவள் சும்மா இருக்கக்கூடாதா? கட்டிலுக்கும் மித்வல்லிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"துணி மேல போடாதீங்கண்ணே."

"ஏம்மா, துணி என்ன தகரமா? ஊசி எறங்காதா?"

"எறங்கும். எங்க எறங்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. இடுப்பெலும்பைக் கையால தொட்டுப் பாத்துத்தான் எடம் புடிக்கணும். தோலைத் துடைக்கணும். அதுக்கும் முந்தி இந்த மருந்து ஒடம்புக்கு ஒத்துக்குமான்னு பாக்கணும். ஒத்துக்கலேன்னா மூச்சு அடைச்சிரும். பக்கத்துல டாக்டர் இல்லாம..."

"அப்ப நீயே போடேன்டி" என்றாள் கரீமா, அழுதுகொண்டே.

இன்திஸாரின் குரல் இறங்கிவிட்டது. "நான் படிக்கிறவ, அக்கா. டீச்சர் பக்கத்துல நிக்காம ஊசியைத் தொடக்கூடாது. இப்பதான் ஆரஞ்சுப் பழத்துல குத்திப் பழகிட்டு ஆளுங்களுக்குப் போட ஆரம்பிச்சிருக்கேன்."

"ஆரஞ்சா!" மித்வல்லி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "சாச்சா, எம் பொஞ்சாதியும் தெனம் ஆரஞ்சு உரிக்கிறா. அவளையும் நர்ஸம்மான்னு கூப்பிட்டுருவோமா?"

நானும் சிரித்தேன். என்ன பொய் வேண்டியிருக்கிறது? தானும் போட மாட்டாளாம், போடுகிறவனையும் விட மாட்டாளாம். இது என்ன படிப்பு?

அண்ணன் சிரிக்கவில்லை. "அவ போடறேன்னாலும் நான் விடமாட்டேன். ஆம்பளை வார்டுல நோயாளிகளைப் பெரட்டிப் போட்ட கை அது. எம் பேத்தி மேல படக்கூடாது."

அந்தப் பேச்சு அப்போது எனக்குச் சரியாகத்தான் பட்டது. அந்நிய ஆம்பளை குத்தலாம், சொந்தச் சின்னம்மா தொடக்கூடாது. இப்போது திருப்பிச் சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது. எதையுமே திருப்பிச் சொன்னால் கோணலாகத்தான் தெரியும்.

அண்ணன் குனிந்து பிள்ளையின் இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்தார். பஸ்மா அலறுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. மித்வல்லி ஊசியின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினான்.

அப்போது அடுக்களையிலிருந்து படக், படக் என்று சத்தம் வந்தது. அது வகீதாவின் கால்.

வகீதா என் அண்ணன் மகள். முப்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. வலது பாதம் முன்னால் தொங்கும். தூக்கி வைக்க வராது. ஒவ்வொரு அடிக்கும் தரையில் அறையும். செருப்பு நிற்காது என்று துணியால் கட்டியிருப்பாள். சின்னப் பிள்ளையில் ஒரு கல்யாண வீட்டில் ஆடினாள், எவளோ பார்த்துக் கண்ணேறு பட்டுவிட்டது என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. தாயத்துக் கட்டினார்கள், நீலமணி கோத்தார்கள். பெண் கேட்டு வந்த ஒருவன் அவள் நடந்து வருவதைப் பார்த்ததும் தேநீரைக்கூடக் குடிக்காமல் போனான். அதற்குப் பிறகு அவள் பகலில் தெருவுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

கையெல்லாம் மாவோடு வந்து கதவைப் பிடித்து நின்றாள். இன்திஸார் அதுவரை பார்க்காததைப் பார்ப்பது போல அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, இது எப்பலேருந்து?"

"கண்ணேறு" என்றார் அண்ணன், நிமிராமலே.

"ஊசி போட்ட அன்னிலேருந்து" என்றாள் வகீதா.

அந்த வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"வாப்பா இதே மாதிரிதான் காலைப் புடிச்சாங்க. இவருதான் போட்டாரு, துணி மேலேயே. இடுப்புலேருந்து கட்டைவெரல் வரைக்கும் நெருப்புக் கம்பியை இழுத்த மாதிரி ஓடுச்சு. கத்தினேன். பொம்பளப் புள்ள இப்படியா கத்துவான்னு வாப்பா வாயைப் பொத்தினாங்க. மறுநா எந்திரிச்சா பாதம் தொங்கிருச்சு."

"நரம்பு" என்றாள் இன்திஸார். அவளுக்கே பயமாகிவிட்டது. "வகுப்புல இந்த நடையைத்தான் நடந்து காட்டினாங்க."

மித்வல்லிக்கு முகம் சிவந்தது. "எந்தக் காலத்துக் கதை! ஊரே என் கை பூ மாதிரின்னு சொல்லுது. ஆயிரம் பேருக்குப் போட்டிருக்கேன். எவன் காலு போச்சு?"

"ஹாஜியார், புள்ளையை விடுங்க" என்று இன்திஸார் கெஞ்சினாள். அண்ணன் விடவில்லை.

வகீதா கூடத்தைக் கடந்து வந்தாள். படக், படக். கட்டில் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றி, பிள்ளையை மறைத்த மாதிரி குனிந்து நின்றாள். இடது பக்கத்தை மித்வல்லிக்குக் காட்டினாள். அது அவளுடைய நல்ல கால்.

"அப்ப இதுல போடுங்க. ஒண்ணு மிச்சம் இருக்கு."

"வேணாம் மதினி!"

"நீ சும்மா இரு புள்ள. போடுங்க. துணி மேலேயே போடுங்க. நான் நடந்தா, அப்புறம் அவளுக்குப் போடுங்க."

மாடியில் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன. மித்வல்லி ஊசியை உயர்த்தினான். அவள் உடுத்தியிருந்தது அகலமான கறுப்பு அங்கி. அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று யார் கண்டது? அவன் கை கொஞ்சம் மேலே போனது. பிறகு பக்கத்தில் போனது. திரும்பவும் கீழே வந்தது. இத்தனை வருஷத்தில் அவன் இடம் தேடி நான் பார்த்ததே இல்லை. ஊசி நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டு நின்று, ஆடி, விழுந்தது.

வந்ததும் அண்ணன் ஊற்றிக் கொடுத்த தேநீர்க் கோப்பை என் கையில்தான் இருந்தது, குடிக்கத் தோன்றவில்லை.

"மருந்து கெட்டியாயிருச்சு" என்றான் மித்வல்லி கடைசியில். "இனிமே இது எறங்காது. கடைக்கும் நேரமாச்சு." ஊசியை மூடாமல் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

வகீதா நிமிர்ந்தாள். வேர்த்து ஊற்றியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. அண்ணனுடைய விரல்களைப் பிள்ளையின் காலிலிருந்து எடுத்துவிட்டாள். கரீமா பிரித்தது போலவே விரல் விரலாக.

"இன்திஸார், புள்ளையைத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம். வெள்ளிக்கிழமை லீவுன்னாலும் அவசரப் பிரிவு தொறந்திருக்கும்ல?"

"எங்கடி போற?" அண்ணன் கத்தினார். "பட்டப்பகல்ல! ஊரு பாக்கும்டி!"

"பாக்கட்டும் வாப்பா. எப்படி ஆச்சுன்னு கேட்டா சொல்றேன்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். இன்திஸார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள், கரீமாவும் போனாள். தெருமுனையில் ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. படக், படக். ஒவ்வொரு சன்னலாகத் திறந்தது.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "கண்ணேறுதான். நீயே சொல்லு."

"கண்ணேறுதான்" என்றேன். ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் பஸ்மா தன் இரண்டு காலால் நடந்து வீட்டுக்கு வந்தாள் என்று பிறகு சொன்னார்கள். அது அல்லாஹ்வின் கருணை. அதில் ஆஸ்பத்திரிக்காரனுடைய சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

அன்றைக்கு அண்ணன் வீட்டிலிருந்து நான் வெளியே வந்தபோது சுவர் நிழலில் மித்வல்லி மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான்.

"சாச்சா, உங்க சத்து ஊசி? இன்னிக்குத்தானே போடச் சொன்னீங்க? இப்படிச் சுவத்தைப் புடிச்சு நில்லுங்க, துணி மேலேயே போட்டுர்றேன்."

"இன்னிக்கு வேணாம்."

"அட, நீங்களுமா? அந்த ஆரஞ்சுக்காரி பேச்சை நம்பிட்டீங்களா?"

"நான் எவ பேச்சையும் நம்பலடா."

உண்மைதான். ஊசியால் கால் போகும் என்பதை நான் இன்றைக்கும் நம்பவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும், அது என்னைத் தாண்டிப் போகிற வரைக்கும், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன். வெயில், வேறொன்றுமில்லை.