காலரில் எழுதிய பெயர்

பிணவறையிலிருந்து போன் வந்தால், கண்ணாடிக்காரர் வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். தொழிலாளர் விடுதிகளில் துணி மாறிப்போகாமலிருக்கச் சட்டைக் காலரில் குடும்பப் பெயரை மையால் எழுதிவிடுவார்கள். ஆற்றில் மிதந்து வரும் உடம்புக்கு அடையாளமாக மிஞ்சுவது பெரும்பாலும் அதுதான். இவர் மகன் சண்டை போட்டுக்கொண்டு விடுதிக்குப் போய், அங்கிருந்தும் காணாமல் போனவன். தங்கள் பெயரில் யார் வந்தாலும் கூப்பிடச் சொல்லி ஊழியரிடம் நம்பர் கொடுத்திருந்தார்.

பாழாய்ப்போன பெயர், மொழிக்கு மொழி இருந்து தொலைத்தது. அதற்கு 'ஆளப் பிறந்தவன்' என்று அர்த்தம் சொல்லி மீசை முறுக்கிய அப்பாவை நம்பி வளர்ந்தவர் இவர். பிணவறை வராந்தா பெஞ்சில்தான் வண்டவாளம் தெரிந்தது. அதே பெயர்கொண்ட தன் பிள்ளையைத் தேடி வந்து பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெரியவர், தங்கள் மொழியில் அது கொல்லன் என்றார். இன்னொரு தடவை வந்த அம்மாள் உப்பு வியாபாரி என்றாள். வேறொருவர் மொழியில் வெறும் கடைக்குட்டி. சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை, பெஞ்சு மட்டும் ஒன்று. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, தன் பிள்ளை இல்லை என்று வெளியே வருபவருக்கு மற்றவர் முகத்தைப் பார்க்கக் கூசும்.

வீட்டில் மனைவி கதவைத் தாழ் போடுவதில்லை. ஒழுங்காகச் சாப்பிடுவதுமில்லை.

"இருக்கானா இல்லையான்னு ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க. எதுன்னாலும் தாங்கிக்கிறேன்" என்றாள் ஒரு காலையில்.

அன்றைக்கே போன் வந்தது. போய்ப் பார்த்தால், உடம்பில் முகமென்று எதுவும் மிச்சமில்லை. ஆனால் மகனைவிட ஒரு சாண் குள்ளம். கண்ணாலேயே அளவெடுக்கிறவருக்கு அது தெரியாதா? பெஞ்சிலும் வேறு யாரும் இல்லை.

"ஆமாங்க, என் பையன்தான்" என்றார்.

அடக்கம் முடிந்தது. மனைவி வாய்விட்டு அழுதாள், சாப்பிட்டாள், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கினாள். தப்பில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

அதன்பிறகு போன் வரவேயில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் தானே பிணவறைக்குப் போனார். ஊழியர் எழுந்து நாற்காலி போட்டார்.

"உங்க பேர்ல போன வாரம் ஒருத்தர் வந்தாருண்ணே. நல்ல உசரம். யாரும் தேடி வரல, நாங்களே புதைச்சுட்டோம். பிள்ளையப் பறிகொடுத்தவர எதுக்கு மறுபடி அலைய விடணும்னு உங்களக் கூப்பிடல."

வீட்டுக் கதவு தாழிட்டிருந்தது. தட்டக் கை எழவில்லை.