மாமரக் கிளைகள் போன இடம்

ஒரு வேலை பாக்கி கிடந்தால் சுலைஹாவுக்குச் சோறு இறங்காது. டத்தோ கிராமாட்டில் அவள் வீட்டு மாமரம் மின்கம்பியைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்ததும், ஆளைக் கூப்பிட்டு ஒரே காலையில் பாதி மரத்தை வெட்டச் சொன்னாள். வெட்டியவர் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கிளைகள் கேட்டுக்குப் பக்கத்தில் சுவரோரமாக, இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

குப்பை லோரி வந்தபோது அடுப்படிப் பைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சுலைஹா மாநகர் மன்றத்துக்கு ஃபோன் போட்டாள். தோட்டக் குப்பைக்குத் தனி லோரி, தனிக் கட்டணம், முன்கூட்டியே பதிய வேண்டும் என்று ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் லோரி வருமாம்.

"பதிஞ்சு விடு. வியாழன் வரைக்கும் கிடந்தா என்ன?" என்றார் ஷஃபீக். அவள் கணவர். சூலியா தெருவில் தம்பியோடு சேர்ந்து நாணயம் மாற்றும் கடை வைத்திருக்கிறார், எதற்கும் அவசரப்படாதவர்.

சுலைஹாவால் முடியவில்லை. காலையில் கேட்டைத் திறந்தால் குவியல். துணி காயப்போட வந்தால் குவியல். இலைகள் காய்ந்து காற்றில் போர்ச்சுக்குள் வந்து விழுந்தன. கொசு வந்துவிட்டது என்று எதிர்வீட்டு அக்கா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். பதிவதா வேண்டாமா என்று ஃபோனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக அந்த வாரம் போனது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு சின்ன லோரி வாசலில் நின்றது.

"கிளை எடுக்கணுமா அக்கா? கவுன்சில் கேக்குறதுல பாதி குடுத்தா போதும் லா."

"எங்க கொண்டு போய்ப் போடுவீங்க?"

"அதுக்குன்னு எடம் இருக்கு."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அப்போதே ஒரு நினைப்பு வந்தது. பர்ஸை எடுக்க உள்ளே போகும்போது அது போய்விட்டது. லோரிக்காரர் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, மறுபடி மரம் வெட்டினால் கூப்பிடச் சொன்னார். சுலைஹா சுவரோரத்தைக் கழுவிவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தேநீர் குடித்தாள்.

லுஹர் தொழுது எழுந்தபோது கோப்பி கத்துகிற சத்தம் கேட்டது. கோப்பி அவர்கள் வீட்டுப் பூனை. சலவை மெஷினுக்குப் பின்னால் மூன்று குட்டி போட்டிருந்தது. இப்போது அது கழுவிய தரையை மோந்து மோந்து, சுவரோரம் போவதும் வருவதுமாக இருந்தது. அது சாதாரணக் கத்தல் இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. சுலைஹா ஓடிப்போய் சலவை மெஷினுக்குப் பின்னால் பார்த்தாள். விரித்து வைத்த துணி காலியாக இருந்தது.

"யா அல்லாஹ்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். குட்டிகளைத் தூக்கிக் கொண்டுபோய் அந்தக் குவியலுக்குள் வைத்திருக்கிறது!

உடனே ஃபோன் போட்டாள். லோரிக்காரர் முதலில் குப்பை கொட்டுமிடத்தில் போட்டதாகத்தான் சொன்னார்.

"தம்பி, உள்ள பூனைக்குட்டி இருந்துச்சு. நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். எடத்த மட்டும் சொல்லுங்க."

"பாலிக் புலாவ்ல, மலை எறங்குனதும் ஒரு ஜாதிக்காய்த் தோட்டம். அதை ஒட்டின சின்ன ரோட்டுல" என்றார். ஃபோன் வைக்கப்பட்டது.

ஷஃபீக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். மலைச் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் சுலைஹா வலது காலை அழுத்திக்கொண்டிருந்தாள், பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் இல்லாத பக்கத்தில்.

"வேகமா போங்களேன்."

"பதிஞ்சிருந்தா வியாழக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு" என்றார் அவர். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. புகை தெரிந்தது.

தோட்டத்து லோங்காங்கில் பாதியும் ரோட்டில் பாதியுமாக அவள் மாமரம் கிடந்தது. அடைபட்ட சாக்கடைத் தண்ணீர் ஜாதிக்காய் மரங்களின் காலடியில் தேங்கியிருந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மலாய்ப் பெரியவர் குவியலின் ஒரு முனையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்திருந்தார். பச்சைக் கிளை எரியாமல் புகைந்துகொண்டிருந்தது.

கார் நிற்பதற்குள் சுலைஹா கதவைத் திறந்து இறங்கினாள். "பாக்சிக்! அணைங்க! உள்ள பூனைக்குட்டி இருக்கு!" என்று மலாயில் கத்தினாள்.

அவர் உடனே வாளியைத் தூக்கி லோங்காங் தண்ணீரை மொண்டு ஊற்றினார். ஷஃபீக்கும் ஓடிவந்து புகைந்த முனையைச் செருப்புக்காலால் மிதித்தார். புகை அடங்கியதும் பெரியவர் நிமிர்ந்து சுலைஹாவைப் பார்த்தார்.

"இதுக்குள்ள குட்டி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஷஃபீக் தமிழில், வாய்க்குள்ளேயே, "சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லு" என்றார்.

சுலைஹாவுக்கு அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"இது எங்க வீட்டு மரம், பாக்சிக்."

பெரியவர் பெயர் ஹைருல் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் அப்போது பெயர் சொல்லும் நிலையில் இல்லை.

"மழை பேஞ்சா தண்ணி என் அடுப்படிக்குள்ள வரும். இது இந்த வருஷம் எத்தனாவது குவியல் தெரியுமா? மெத்தை போடுறான், பழைய சோபா போடுறான். ஒருத்தனும் திரும்பி வந்து பாத்ததில்ல. உங்க வீட்டுல போட எடமில்லையா?"

"இருந்துச்சு" என்றாள்.

அவர் காறித் துப்பினார். பிறகு பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு குவியலின் மறுபக்கம் போய், கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டி விலக்க ஆரம்பித்தார். மூவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். சுலைஹாவின் முழங்கையெல்லாம் கீறல். ஒரு தடித்த கிளையைத் தூக்கியபோது அடியில் மெல்லிய சத்தம் கேட்டது. இரண்டு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, சாம்பலும் ஈரமுமாக. உயிர் இருந்தது.

மூன்றாவது கிடைக்கவில்லை. வெளிச்சம் மங்குகிறவரை தேடினார்கள். கடைசியில் ஹைருல்தான், "குட்டிக்குப் பசிக்கும். கொண்டு போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

கோப்பி இரண்டையும் நக்கி நக்கி, கழுத்தைக் கவ்வி சலவை மெஷினுக்குப் பின்னால் கொண்டுபோனது. மறுபடி வாசலுக்கு வந்து கத்தியது.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் சுலைஹா மாநகர் மன்றத்துக்கே நேரில் போனாள். "வீடு டத்தோ கிராமாட், கிளை பாலிக் புலாவ்லயா?" என்று கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா" என்றாள் சுலைஹா. முழுக் கட்டணத்தையும் கட்டினாள். லோரி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை மழை காத்திருக்காது என்று அவளே ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போய், ஹைருலோடு சேர்ந்து லோங்காங்கில் கிடந்ததை மேலே இழுத்துப் போட்டாள். இரண்டாம் நாள் அவர் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

லோரி வந்து எல்லாவற்றையும் அள்ளிப்போன அன்று ஹைருல் ஃபோன் செய்தார். அடியில் ஒன்றும் இல்லையாம். "ஒண்ணும் இல்லைன்னா ஓடிப் போயிருக்கும்னுதானே அர்த்தம்" என்றார். அவ்வளவு சின்னக் குட்டி எங்கே ஓடும் என்று இருவருக்கும் தெரியும்.

கோப்பி அதற்குள் தேடுவதை விட்டுவிட்டு, இரண்டு குட்டிகளோடு கால் நீட்டித் தூங்கத் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்த சுலைஹா திடீரென்று எழுந்து, "பாலிக் புலாவ் போய் ஜாதிக்காய் வாங்கிட்டு வரலாமா?" என்றாள்.

வீட்டில் யாரும் ஜாதிக்காய் சாப்பிடுவதில்லை. இருந்தும் ஷஃபீக் கார் சாவியை எடுத்தார்.