வரிசை முடியும் வரை

ஆரோக்கியசெல்வம் கித்தாரை நிறுத்தினான். கார்த்திக்ராஜின் பேஸ் கித்தாரும் நின்றது. டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. இன்னும் எட்டு அடி அடித்துவிட்டுத்தான் ஜெனிபர் தலையைத் தூக்கினாள்.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சு, பஸ்ஸேறி, கம்பத்துக்கே போயிருச்சு தங்கச்சி,” என்றான் கார்த்திக்ராஜ்.

அனுமந்தன்பட்டியில் கார்த்திக்ராஜ் வீட்டுத் திராட்சை ஷெட் அது. எதிரொலி அடங்குவதற்காகக் காலி டிரேக்களைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். காலையிலிருந்து ஆறு முறை வாசித்தாகிவிட்டது. ஒரு முறைகூட மூவரும் சேர்ந்து முடிக்கவில்லை.

பாட்டின் வரிகள் ஆரோக்கியசெல்வத்தின் மனைவி அனிதா மேரி எழுதியவை. மெட்டு அவனுடையது. கல்யாணமான முதல் வருஷம் செய்தது. இதை டிரம்ஸ் வைத்து, ஆட்கள் முன்னால் வாசிக்க வேண்டும் என்பாள். போன வருஷம் நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்புறம் அவன் கித்தாரைத் தொடவில்லை. பதினோரு மாதம் கழித்து ஒரு நாள் தொட்டான். அன்றைக்கே முடிவு செய்தான், இந்தப் பாட்டு மேடை ஏறும் என்று.

உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரி விழாவில் வெளிக் குழுக்களுக்கும் இருபது நிமிஷம் கொடுத்தார்கள். இன்று நாலு மணிக்குள் உறுப்பினர் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஜீப் மெக்கானிக் கார்த்திக்ராஜ் தானாகவே வந்து சேர்ந்தான். பேஸ் கித்தார் வாங்கி இரண்டு வருஷமாகச் சும்மா வைத்திருந்தான். டிரம்ஸுக்குத்தான் ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியசெல்வம் மாதா கோவிலுக்கு வெளியே நின்றபோது ஒலிபெருக்கியில் தாளம் கேட்டது. பிசகவே இல்லை. உள்ளே போகவில்லை. பூசை முடிந்து பாட்டுக்குழு வெளியே வந்ததும் விசாரித்தான். பி.எட். படிக்கும் ஜெனிபரைக் காட்டினார்கள்.

“அண்ணே, கோவிச்சுக்கிறாதீக,” என்றான் கார்த்திக்ராஜ். “டிரம்ஸை லேப்டாப்புல போட்ருவோம். அது சொன்ன எடத்துல நிக்கும்.”

“அப்ப லேப்டாப்பையே தங்கச்சின்னு கூப்பிட்டுக்கங்க.” ஜெனிபர் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

“ஏம்மா, எண்ணிக்கை விட்டுப்போகுதா?” என்று கேட்டான் ஆரோக்கியசெல்வம்.

“எண்ணுறதே இல்லண்ணே. நற்கருணைப் பாட்டு வாசிச்சுப் பழகின கை. கடைசி ஆள் சாமியார் கையால நன்மை அப்பம் வாங்கித் திரும்புற வரைக்கும் பாட்டு ஓடணும்ல. நான் வரிசையத்தான் பார்ப்பேன். இங்கன யாரைப் பார்க்க? நீங்க ரெண்டு பேரும் கித்தாருக்குள்ள தலையை விட்டுக்கிறீக.”

கார்த்திக்ராஜ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“அனிதாக்கா அடக்கப் பூசைக்கும் நாந்தான் ரிதம் பேடு வாசிச்சேன். வரிசை தெரு வரைக்கும் நின்னுச்சு. ஒரே பாட்டை ஒம்பது தடவை பாடினோம். எல்லாரும் வாங்கியாச்சு. நீங்க மட்டும் எந்திரிக்கல. உங்களையே பார்த்துக்கிட்டு வாசிச்சேன். அப்புறம் சாமியார் கைகாட்டினாக, நிறுத்தினேன்.”

அந்த நாளில் செருப்பை யாரோ எடுத்துக் கொடுத்தது மட்டும்தான் அவனுக்கு நினைவிருந்தது.

“கார்த்தி, லேப்டாப்பை மூடு.”

“மணி ரெண்டாகப் போகுதுண்ணே.”

“மூடுறா.”

மைக் ஸ்டாண்டை டிரம்ஸ் பக்கம் திருப்பி வைத்தான். “என்னையப் பாரு. இனிமே நான்தான் வரிசை. நான் தலையாட்டுற வரைக்கும் அடி.”

வாசித்தார்கள். இரண்டு சரணமும் முடிந்தது. வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தது. ஜெனிபரின் கண் அவன் மேல் இருந்தது. தலையாட்டினால் போதும். ஆட்டவில்லை. முதல் வரியை மறுபடி எடுத்தான். இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. கார்த்திக்ராஜ் விரல் தோலைப் பார்த்துவிட்டு, எப்பண்ணே என்று புருவத்தால் கேட்டான். தாளம் ஓடவும் இல்லை, சோரவும் இல்லை. ஒருத்தி தனக்காகக் காத்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள் என்பதும் தெரிந்தது.

ஐந்தாம் சுற்றின் கடைசி வரியில் தலையாட்டினான்.

மூன்றும் ஒரே அடியில் நின்றன.

“ஆத்தாடி,” என்றான் கார்த்திக்ராஜ், விரலை ஊதிக்கொண்டே. “நின்னுருச்சு. ஆனா இருபது நிமிஷத்துக்கும் நம்மகிட்ட இந்த ஒரு பாட்டுத்தான் இருக்கும் போல.”

“ஒண்ணு போதும்.”

ஆம்ப்ளிஃபயர் மேலேயே படிவத்தை விரித்து மூன்று பெயரையும் எழுதினான். டிரம்ஸ் என்ற இடத்தில் ஜெனிபர். குழுவின் பெயர் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டான். உத்தமபாளையம் போக அரை மணி நேரம் போதும்.

“இன்னொரு தடவை,” என்றான்.