தில்குமாரி கை நனைத்தார்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் அனுசியா செக்கிங் பிரிவில் இருந்தாள். அதே கம்பெனியில் பிரிண்டிங் போடும் ஹேம்ராஜ் நேபாளத்துக்காரன். நாலு வருடப் பழக்கம். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொந்த ஊரான பரளச்சிக்கு வந்து சொன்னபோது, அப்பா கோட்டைச்சாமி சத்தம் போடவில்லை. பந்தல்குடியில் லோடு வண்டி ஓட்டுகிறவர் அவர். எந்தப் பேச்சிலும் தூரத்தைத்தான் முதலில் கேட்பார்.

"அவுக ஊருக்குப் போய்ச் சேர எம்புட்டு நேரம்?"

"ரயிலு, பஸ்ஸு, அப்புறம் மலையில ஜீப்பு. நாலு நாள் ஆகும்ப்பா. ஆனா நாங்க திருப்பூர்லதான இருப்போம்?"

"அவுக அம்மாவுக்கு முடியாமப் போனா மருமகதான போகணும். நீ அங்க அழுதா எனக்கு எப்பத் தெரியும்?"

அம்மா கருத்தம்மாளோ விடாமல் கேட்டார். அங்கே என்ன வெள்ளாமை, மழை எப்போது, மாடு வைத்திருக்கிறார்களா, ரசம் வைப்பார்களா. தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததை ஹேம்ராஜிடம் போனில் கேட்டுச் சொன்னாள்.

வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்ற அளவுக்குக் கோட்டைச்சாமி இறங்கினார். மாசி மாதம், மிளகாய்ப் பழம் எடுக்கும் நாளில், ஹேம்ராஜ் தன் அம்மா தில்குமாரியைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினான்.

தில்குமாரி நின்ற இடத்திலேயே நாலு திசையும் திரும்பிப் பார்த்தார்.

"மலை எங்கன்னு கேக்குறாக" என்றான் ஹேம்ராஜ், அனுசியாவிடம் படித்த தமிழில்.

"மலைக்கு நாங்களே பஸ்ஸு ஏறித்தான் போகணும்" என்றாள் பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள். அவளும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

வீட்டில் காலையிலேயே கோட்டைச்சாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "காப்பி மட்டும் குடு. சோறு போட்றாத." சம்பந்தம் முடிவாகாமல் சாப்பாட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம்.

காப்பி குடித்த தில்குமாரி என்னவோ வாசம் பிடித்தவர்போல எழுந்து, யாரையும் கேட்காமல் சமையற்கட்டுக்குள் போனார். சட்டியில் கேப்பைக்களி. பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு.

"டிண்டோ" என்றார் மகனைப் பார்த்து. முகம் மலர்ந்திருந்தது.

ஹேம்ராஜ் அனுசியாவைப் பார்த்தான். வழக்கத்தை அவள் அவனிடம் சொல்லித்தான் வைத்திருந்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னான். "களியச் சொல்றாக. எங்க ஊர்லயும் இதத்தான் திம்போம். வழியெல்லாம் ரொட்டியும் பிஸ்கட்டும்தான். கொஞ்சம் கிடைக்குமான்னு கேக்குறாக."

கருத்தம்மாள் கணவரைப் பார்த்தார். கோட்டைச்சாமி தரையைப் பார்த்தார். பசியென்று கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் நாக்கு எழவில்லை. கருத்தம்மாள் தட்டை எடுத்தார்.

தில்குமாரி களியை விரலால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினார்.

"கை நனைச்சாச்சு" என்றாள் வாசலில் நின்ற சந்தனம்மாள்.

"தெரியாமச் சாப்பிட்டதெல்லாம் சேத்தியில்ல" என்றார் கோட்டைச்சாமி. "தம்பி, அவுககிட்ட வெவரத்தச் சொல்லிருங்க."

ஹேம்ராஜ் சொன்னான். தில்குமாரியின் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. பிறகு கோட்டைச்சாமியையே பார்த்து வெகுநேரம் பேசினார்.

"என்ன சொல்றாக?"

"எங்க அப்பா மலேசியாவுக்கு வேலைக்குப் போனவரு திரும்பி வரல. நானும் இங்கயே தங்கிருவேன்னு அம்மாவுக்குப் பயம். இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லத்தான் கிளம்பி வந்தாகளாம்."

இதைக் கோட்டைச்சாமி எதிர்பார்க்கவில்லை. மகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அவர் தூக்கம் கெட்டுக் கிடந்த நாட்களில், மகனைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு தாய் மலைமேல் உட்கார்ந்து பயந்திருக்கிறாள்.

"இப்ப என்ன நினைக்கிறாக? கேளுங்க."

மகன் கேட்டான். தில்குமாரி தட்டைக் கருத்தம்மாளிடம் நீட்டினார். கருத்தம்மாள் இன்னொரு உருண்டை வைத்தார்.

கோட்டைச்சாமி தலையை ஆட்டினார். "அப்பச் சரி. நாங்களும் வந்து பாக்கணும்ல?"

கல்யாணத்தை மாப்பிள்ளை ஊரில் வைப்பதென்று முடிவாயிற்று. சித்திரை ஒன்றுதான் அவர்களுக்கும் வருடப் பிறப்பு, மாதக் கணக்கும் ஒத்துப்போகும் என்று தெரிந்ததும் அந்த மாதம் மூன்றாம் வாரத்தில் தேதி குறிப்பதில் சிரமமிருக்கவில்லை.

சித்திரை இரண்டாம் வாரம் அனுசியாவும் அப்பா அம்மாவும் ரயிலில் கோரக்பூரில் இறங்கி, பஸ் பிடித்து நேபாள எல்லையில் இருக்கும் சுனௌலிக்குப் போனார்கள். ஆதார், ஓட்டு அட்டை, ரேசன் கார்டு எல்லாவற்றையும் கோட்டைச்சாமி கையிலேயே வைத்திருந்தார். தலைக்குமேல் பெரிய வளைவு. காய்கறிக் கூடையோடு ஒரு பெண் அங்கிருந்து வந்தாள், சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று இங்கிருந்து போனது. சீருடைக்காரர் ஒருவர் இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"எல்லை எங்கத்தா இருக்கு?" என்று கேட்டார் கோட்டைச்சாமி.

"தாண்டிட்டோம்ப்பா."

அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் அதே புழுதி, அதே டீக்கடை. "நம்ம செக்போஸ்ட்டுல கூட இதுக்கு மேல கேப்பானே" என்றார். கொஞ்ச தூரத்தில் ஹேம்ராஜ் ஜீப்போடு நின்று கையசைத்தான். அனுசியா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.