பூச்சுக்கு விட்ட அரை இஞ்சு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பிள்ளையார்பாளையத்து முனையில் வரப்போகிற மூன்று மாடிப் பட்டுக்கடை முழுக்க மரம், தமக்கு அஸ்திவாரம் மட்டும்தான் வேலை என்று தெரிந்ததும் ராமராஜன் மேஸ்திரி, "தீப்பெட்டிக்கு அஸ்திவாரம் போடறேன்பா" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிச் சிரித்தார். இருபத்தாறு வருஷம் சிமெண்டு குழைத்த திமிர்!

தொழிற்சாலையில் செய்த சுவர்கள் வந்து இறங்கும் நாள் காலையில் அந்தச் சிரிப்பு நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று டேப்பைப் பிடித்துப் பார்த்தார். சுவரைப் பிடிப்பதற்காக அஸ்திவாரத்தில் புதைத்த போல்ட்டுகளில், தெற்கு வரிசை மொத்தமும் அரை இஞ்சு உள்ளே தள்ளி நின்றது. காரணத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சுவருக்கும் பூச்சுக்கென்று அரை இஞ்சு விட்டே பழகிய கை, பூச்சே இல்லாத மரச்சுவருக்கும் விட்டிருந்தது. துளை போட்டு வரும் சுவர் இதில் உட்காராது. கிரேனும் லாரியும் திரும்பிப் போகும், கூடவே ஊரில் அவர் பேரும் போகும்.

லாரி தெருக்கோடியில் காத்திருந்தது. எதிர்வீட்டு நெசவாளி சிட்டிபாபு தறியில் ஏற்றப்போகும் பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக விரித்திருந்தார். அதைச் சுற்றி எடுக்கும்வரை அந்தத் தெருவில் மந்திரி வண்டியும் நகராது. மேஸ்திரிக்குக் கிடைத்தது அந்த அரை மணி நேரம்தான்.

போல்ட்டை வளைத்துவிடலாமா என்று சுத்தியலை எடுத்தார். மனசு கேட்கவில்லை. கீழே வைத்துவிட்டு நேரே மரச்சுவர் எஞ்சினியர் கிரேஸிடம் போனார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. தெக்கு வரிசை அரை இஞ்சு உள்ள போயிருக்குது. பூச்சுக்கு வுட்டுட்டேன்."

"தெரியும் மேஸ்திரி. பதிமூணு மில்லி."

மேஸ்திரி கையிலிருந்த டேப்பையும் அந்தம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கான்கிரீட் காஞ்சதும் நான் வந்து ஒவ்வொரு போல்ட்டா அளந்துக்கினு போனேனே? அந்த அளவுக்குத்தான் மெஷின்ல துளையே போட்டாங்க. நீங்க அப்போ டீ குடிச்சிக்கினு தீப்பெட்டின்னு சிரிச்சிக்கினு இருந்தீங்க."

பாவு சுருண்டது, லாரி வந்தது. ஜன்னலுக்கும் ஒயருக்கும் வழி வெட்டிய முப்பதடிச் சுவர் கிரேனில் மெதுவாக இறங்கியது. ராமராஜன் குனிந்து துளைகளைப் பார்த்தார். பதினெட்டு போல்ட்டும் பதினெட்டுத் துளைக்குள் வழுக்கிக்கொண்டு ஏறின. ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! தன் கையின் கோணலுக்கும் ஒருவர் முன்பே இடம் விட்டிருக்கிறார் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலத்துக்குள் கீழ்த்தளத்தின் நாலு சுவரும் நின்றுவிட்டன. மணல் சலிக்கவில்லை, செங்கல் சூளைப் புகையும் சிமெண்டு ஆலைப் புகையும் அந்தச் சுவர்களுக்குத் தேவைப்படவில்லை. எதிர்வீட்டுத் தறியில் ஒரு பொட்டுத் தூசி விழவில்லை.

சிட்டிபாபு வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது மேஸ்திரி. எப்போ பூசப் போற?"

ராமராஜனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பூசறதா? மொதல்ல கைய எடுபா, அழுக்காவப் போவுது."