பழைய சாக்கடையில் அரை பாட்டில் தண்ணீர்

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மண்பானையைக் காட்டி, "உள்ள என்னப்பா இருக்கு?" என்று வாண்டு ஐந்தாவது முறையாகக் கேட்டான். "ஒண்ணுமில்லடா, காத்துதான்" என்றார் குழாய்க்காரர். வாண்டின் அக்கா இரண்டு பெட்டி தள்ளி நின்று, அட்டையில் இருந்ததை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயது.

குழாய்க்காரர் இந்தப் பிள்ளைகளின் அம்மாவைக் கல்யாணம் செய்து எட்டு மாதமாகிறது. வாண்டு ஒரே வாரத்தில் அப்பா என்று கூப்பிட்டுத் தோளில் ஏறிவிட்டான். பெரியவள் இன்றுவரை அவரை எதுவென்றும் கூப்பிட்டதில்லை. கோபமில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. "சாப்பிட வரச் சொன்னாங்க", "போன் அடிக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். பெயர் வைக்காத பிள்ளை மாதிரி அந்த வீட்டில் அவர் நடமாடிக்கொண்டிருந்தார். நர்ஸாக இருக்கும் மனைவிக்குத் திடீரென்று டியூட்டி விழுந்ததால், மூன்று பேராக வெளியே வருவது இதுதான் முதல் தடவை. சாயங்காலத்துக்குள் பெரியவள் தன்னை ஏதாவது சொல்லி ஒரு முறை கூப்பிட்டுவிட வேண்டுமென்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டார்.

அருங்காட்சியகத்துக்குப் பின்னால்தான் தோண்டியெடுத்த பழங்கால ஊர். இடுப்புயரச் சுவர்கள், கூரையில்லாத அறைகள், நடுவே செங்கல் பதித்த சாக்கடை. அதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை சொல்கிற மனுஷர். எவர் போட்ட குழாயையும் இதுவரை நல்லதென்று சொன்னதில்லை. சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மட்டம் பாக்கற ரசமட்டம்கூட இல்லாத காலத்துல வாட்டம் எப்படிக் குடுத்திருக்கான் பாரு!"

"வாட்டம்னா?" கேட்டது பெரியவள்.

"தண்ணி தானா ஓடறதுக்கு ஒரு சரிவு. கூடுனாலும் தப்பு, கொறஞ்சாலும் தப்பு."

அவளும் பக்கத்தில் குத்தவைத்து ஒரு கண்ணை மூடினாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. புத்தியுள்ளவன் செய்யாத காரியத்தைச் செய்தார். கயிற்றைத் தாண்டி உள்ளே போய், பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தார். தண்ணீர் ஓடியது. விசிலும் கேட்டது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

"யோவ், அறிவிருக்கா? போர்டு தெரியல?" ஓடி வந்த காவலாளி, திருதிருவென விழித்தவரை விட்டுவிட்டுப் பெரியவளிடம் திரும்பினார். "பாப்பா, யாரு இவரு?"

அவள் காவலாளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குழாய்க்காரர் தரையைப் பார்த்தார். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே தாயே.

"எங்க வீட்டு ஆளு" என்றாள். "குழாய் வேலை பாக்கறவரு. சாக்கடையப் பாத்தா சும்மா இருக்க மாட்டாரு. திட்டாதீங்க அங்கிள், இனிமே நான் பாத்துக்கறேன்."

காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழாய்க்காரர் கயிற்றைத் தாண்டி வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றார். பெரியவள் கயிற்றின் மேல் எட்டிப் பார்த்தாள்.

"அங்க நின்னுபோச்சு பாருங்க. வாட்டம் பத்தல."

வாட்டத்தில் குறையில்லை, மண் அடைத்திருக்கிறது. வாய்வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார்.

"ஆமாம்மா. பத்தலதான்."

மறுபடி கயிற்றைத் தாண்டிவிடுவாரோ என்று அவருடைய சட்டைக் கையை அவள் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.